ஏரி முழுதாகத் தெரியும் படம்

புழல் ஏரிக்குக் குறுக்கே ஒரு கோடு ஓடுகிறது. கரையில் நின்று பார்த்தால் தெரியாது. ஊர் வரைபடத்திலும் இருக்காது. கிழக்குத் தீர்க்கரேகை 80.17 பாகையை ஒட்டி வடக்கு தெற்காகப் போகும் அந்தக் கோடு, சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை வெட்டிக் கொடுப்பதற்காக வகுத்திருக்கும் கட்டங்களில் ஒன்றின் கிழக்கு விளிம்பு. அந்தக் கட்டத்தின் பெயர் 44பிஎல்வி. ஏரியின் மேற்குப் பக்கம் அதற்குள் இருக்கிறது, கிழக்குப் பக்கம் வெளியே போய்விடுகிறது. அடுத்த கட்டமான 44பிஎம்வி-யில் ஏரி முழுதாக இருக்கிறது.

இது தெரியாமல் புழலின் நீர்ப்பரப்பை அளக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு மாணவி எனக்கு அனுப்பிய வரைபடம் நல்ல எடுத்துக்காட்டு. நாள்வாரியாக ஏரியின் பரப்பைப் போட்டிருந்தார். ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு புள்ளிகள், ஒன்று மேலே, ஒன்று வெகு கீழே. புள்ளிகளை இணைத்த கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது. "சார், ஒரே நாள்ல ரெண்டு பரப்பு வருது. சராசரி எடுத்துடவா?" என்று கேட்டிருந்தார்.

எடுக்கக் கூடாது. முழு ஏரியையும் அரைகுறை ஏரியையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் வருவது எந்த ஏரியும் இல்லை. அந்தப் படங்களில் எவை ஏரியை முழுதாகப் பார்த்தவை, எவை ஓரமாகத் தொட்டுவிட்டுப் போனவை என்று முதலில் பிரிக்க வேண்டும். செயற்கைக்கோள் படங்களோடு வேலை செய்பவர்கள் மிகச் சாதாரணமாகத் தாண்டிப் போகும் படி இது. மேகத்தைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள், தெளிவுத்திறனைப் பற்றிப் பேசுகிறார்கள். படம் நம் இடத்தை முழுதாக மூடுகிறதா என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

சென்டினல்-2 ஒரு சுற்றில் சுமார் 290 கிலோமீட்டர் அகலத்துக்குப் பூமியைப் படம் பிடித்தபடி போகிறது. அந்த நீண்ட பட்டையை அப்படியே கொடுத்தால் யாராலும் கையாள முடியாது. அதனால் 100 கிலோமீட்டர் இடைவெளியில் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் கொஞ்சம் பெரிதாக, பக்கத்துக்கு 109.8 கிலோமீட்டர் இருக்கும்படி வெட்டித் தருகிறார்கள். இதைத்தான் டைல் என்கிறோம். பக்கத்து டைல்கள் சுமார் 10 கிலோமீட்டர் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். 44 என்பது யுடிஎம் மண்டலம், அதாவது வரைபடத்துக்காகப் பூமியை வடக்கு தெற்காக வகுத்த பட்டைகளில் ஒன்று. 78 பாகை முதல் 84 பாகை கிழக்கு வரை அந்த மண்டலம்தான். பி என்பது அட்சரேகைப் பட்டை. அடுத்த இரண்டு எழுத்துகளும் மண்டலத்துக்குள் அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும்.

இப்போது சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளை இந்தக் கட்டங்களின் மேல் வைத்துப் பாருங்கள். பூண்டி மேற்கே, 79.86 பாகையில் இருக்கிறது. அது எல்வி டைலுக்குள் வசதியாக உட்கார்ந்திருக்கிறது, எம்வி டைலுக்குள் வருவதே இல்லை. செம்பரம்பாக்கம் 80.06 பாகையை ஒட்டி. எம்வி-யின் மேற்கு விளிம்பு 80.08 பாகையை ஒட்டித் தொடங்குவதால், அந்த ஏரிக்கும் எல்வி-தான். புழலுக்கு எம்வி. சோழவரமும் எம்வி-யில் முழுதாக இருக்கிறது. நான்கு ஏரிகளும் ஒரே நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கின்றன, ஒரே நாளில் ஒரே செயற்கைக்கோள் பார்க்கிறது. ஆனால் நான்கையும் ஒருசேர முழுதாக வைத்திருக்கும் சென்டினல்-2 டைல் ஒன்றுகூடக் கிடையாது.

அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் வேறு மாதிரி. அதன் ஒரு காட்சி 185-க்கு 180 கிலோமீட்டர். சென்னைக்கு உரியது பாதை 142, வரிசை 51. அதன் மையம் சென்னைக்கு நேர் கிழக்கே கடல்மேல் விழுகிறது. மேற்கே பூண்டி வரை நான்கு ஏரிகளும் அந்த ஒரே காட்சிக்குள் அடங்கிவிடும். அதற்குப் பதிலாக பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் 30 மீட்டர், சென்டினலுக்கு 10 மீட்டர். நமது ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோள் வரிசையிலும் இதே கொடுக்கல் வாங்கல்தான்: 56 மீட்டர் பிக்சல் கொண்ட ஏவைஃப்ஸ் கருவி 740 கிலோமீட்டர் அகலத்தைப் பார்க்கும், 5.8 மீட்டர் பிக்சல் கொண்ட லிஸ்-4 கருவி 70 கிலோமீட்டர்தான் பார்க்கும். நுணுக்கமாகப் பார்க்கப் பார்க்கச் சட்டகம் சிறிதாகிறது. சட்டகம் சிறிதாகும்போது நம் இடம் விளிம்பில் மாட்டும் வாய்ப்பும் கூடுகிறது.

சரி, வேண்டிய படங்களைப் பிரித்தெடுக்கும் வடிகட்டிக்கு வருவோம். செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலச உதவும் கூகுள் எர்த் என்ஜினில் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வது ஃபில்டர்பவுண்ட்ஸ். அது ஒவ்வொரு படத்திடமும் கேட்பது ஒன்றுதான்: நீ இந்தப் பரப்பைத் தொடுகிறாயா? மூலையில் ஒரு துளி பட்டாலும் தொட்டதாகத்தான் கணக்கு. படப் பட்டியல்களில் தேடுவதற்கான ஸ்டாக் முறையில் வரும் இன்டர்செக்ட்ஸும் இதையேதான் கேட்கிறது. அந்த வடிகட்டியின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. பல படங்களை ஒட்டிப் பெரிய பரப்பை உருவாக்குகிறவருக்குத் தொடும் படங்கள் எல்லாமே வேண்டும். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக அளந்து எண் எடுக்கிறவருக்குத்தான் அது போதாது.

அடுத்து நடப்பதுதான் எனக்குக் கவலை தருவது. படத்தில் பிக்சல் இல்லாத இடத்தைக் கணக்கிடும்போது எந்த எச்சரிக்கையும் வருவதில்லை. ஏரியின் எல்லைக்குள் இருக்கும் நீர்ப் பிக்சல்களைக் கூட்டு என்று சொன்னால், இருப்பவற்றைக் கூட்டிக் கொடுத்துவிடும். இல்லாதவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. தகவல் இல்லாத இடமும் தண்ணீர் இல்லாத இடமும் கடைசியில் வரும் எண்ணில் ஒன்றாகிவிடுகின்றன. அரைகுறையாகப் பார்த்த ஏரி, வறண்ட ஏரி போலவே தெரிகிறது.

சென்னையில் இது சின்ன விஷயம் இல்லை. 2019 ஜூனில் நான்கு ஏரிகளிலும் சேர்த்து மொத்தக் கொள்ளளவில் ஒரு விழுக்காடுகூடத் தண்ணீர் இல்லை. நான்கின் முழுக் கொள்ளளவு 11,257 மில்லியன் கன அடி. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. முந்தைய ஆண்டு நீலமாக இருந்த புழல் பழுப்புத் தரையாகிக் கிடந்த செயற்கைக்கோள் படங்களை உலகம் முழுக்கப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட ஓர் ஊரில் ஏரியின் பரப்பு பாதியாகக் குறைந்துவிட்டது என்று யாராவது ஒரு வரைபடம் போட்டால், மக்கள் அதை நம்புவார்கள். நம்புவதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. அந்தச் சரிவு உண்மையிலேயே ஏரியில் நடந்ததா, டைல் விளிம்பில் நடந்ததா என்று பார்த்துவிட்டு வெளியிட வேண்டிய பொறுப்பு போட்டவருடையது.

தொடுவதைக் கேட்பதற்குப் பதிலாக அடக்குவதைக் கேட்கும் வடிகட்டியும் எர்த் என்ஜினில் இருக்கிறது. கன்டெய்ன்ஸ் என்று பெயர். இடப்பக்கம் படத்தின் எல்லை, வலப்பக்கம் நம் பரப்பு. படத்தின் எல்லைக்குள் நம் பரப்பு முழுதும் இருந்தால்தான் படம் தேறும். வலமும் இடமும் மாறிவிட்டால் கேள்வி தலைகீழாகி, நம் ஏரிக்குள் டைல் அடங்குகிறதா என்று கேட்டுவிடும். கணினியில் இறக்கி வைத்த பட்டியலோடு வேலை செய்கிறவர்கள் பைதானின் ஷேப்லி நூலகத்திலோ போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்திலோ கவர்ஸ் என்ற சோதனையைப் பயன்படுத்தலாம். விளிம்போடு விளிம்பு ஒட்டிய நிலையையும் அது அடங்கியதாகவே எடுத்துக்கொள்ளும்.

இந்த வடிகட்டியை நான்கு ஏரிகளையும் ஒரே பரப்பாகச் சேர்த்து வைத்துச் சென்டினல்-2 தொகுப்பின்மேல் ஓட்டினால் விடை பூஜ்யம். எத்தனை ஆண்டுகளுக்குத் தேடினாலும் பூஜ்யம்தான், காரணத்தை மேலேயே பார்த்தோம். பலர் இந்த இடத்தில்தான் வடிகட்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்துத் திரும்பவும் பழைய ஃபில்டர்பவுண்ட்ஸுக்கே போய்விடுகிறார்கள். வடிகட்டி சரியான விடையைத்தான் தந்திருக்கிறது. அந்த நான்கையும் ஒரே பரப்பாகக் கேட்க வேண்டிய அவசியம்தான் இல்லை. ஒவ்வொரு ஏரிக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பூண்டிக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் எல்வி டைல்கள் வரும், புழலுக்கும் சோழவரத்துக்கும் எம்வி டைல்கள் வரும். அந்த மாணவியின் வரைபடத்தில் கீழே கிடந்த புள்ளிகள் எல்லாம் ஒரே வரியில் காணாமல் போயின.

இதில் எனக்குப் பிடித்த ஒரு வடிவியல் உண்மை இருக்கிறது. டைல்கள் ஒன்றன்மேல் ஒன்று 9.8 கிலோமீட்டர் ஏறியிருப்பதால், கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் அதைவிடக் குறைவான எந்த ஏரியும் ஏதாவது ஒரு டைலுக்குள் முழுதாக அடங்கியே தீரும். விளிம்பு ஒரு டைலில் ஏரியை வெட்டினாலும், பக்கத்து டைல் அதை முழுதாக வைத்திருக்கும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருப்பதாகச் சொல்வார்கள். அவற்றில் அகலம் பத்து கிலோமீட்டரைத் தொடுபவை மிகமிகச் சில. ஆகவே கண்மாய்களை அளக்கிறவர்கள் 'முழுதாக மூடும் படம் மட்டும்' என்று கண்டிப்பாக இருந்தாலும் டைல் வெட்டு காரணமாக எந்தக் கண்மாயையும் இழக்க மாட்டார்கள். தரவு குறைந்துவிடுமே என்ற பயத்தில் தளர்வான வடிகட்டியை வைத்திருக்கத் தேவையே இல்லை.

நம் பரப்பை எப்படி வரைகிறோம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சோம்பலில் பலரும் ஏரியைச் சுற்றி ஒரு செவ்வகம் போட்டுவிடுவார்கள். செவ்வகத்தின் மூலையில் இருக்கும் வயலோ வீடுகளோ டைலுக்கு வெளியே போனாலும் படம் நிராகரிக்கப்படும், ஏரி முழுதாக உள்ளே இருந்தும். மாறாக, இன்றைய நீர் விளிம்பைச் சுற்றி வரைந்தால் வேறொரு சிக்கல்: தண்ணீர் ஏறும்போது அந்த எல்லைக்கு வெளியே நிற்கும் நீர் கணக்கில் வராது. முழு நீர்மட்டத்தில் ஏரி எதுவரை பரவுமோ அதுவரை, கரையோடு சேர்த்து வரைவதே சரி. வறண்ட தரையும் அந்த எல்லைக்குள் வர வேண்டும். அது வறண்டிருக்கிறது என்பதும் நமக்கு வேண்டிய தகவல்தானே.

இதுவரை சொன்னது முழுக்கப் படத்தின் எல்லைக்கோட்டை நம்பி. ஆனால் எல்லைக்கோடு என்பது வாக்குறுதி, பிக்சல்தான் சரக்கு. இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. செயற்கைக்கோளின் பட்டை ஒரு டைலின் நடுவே முடிந்துபோனால், மீதி டைல் வெறும் கறுப்பாக இருக்கும், சாய்வாக வெட்டிய முக்கோணம் மாதிரி. ஒரே நாளில் ஒரே டைல் இரண்டு துண்டுகளாக வருவதும் உண்டு. தரவு இரண்டு பகுதிகளாகத் தரையிறங்கியிருந்தால், ஒவ்வொரு துண்டிலும் டைலின் ஒரு பகுதிதான் நிரம்பியிருக்கும். படத்தோடு வரும் எல்லை இந்த வெட்டுகளை மதிக்கிறதா என்பது எந்தத் தொகுப்பு, யார் தயாரித்தது என்பதைப் பொறுத்தது.

இதற்கு மிகக் கடுமையான எடுத்துக்காட்டு லேண்ட்சாட்-7. 1999 ஏப்ரலில் ஏவப்பட்ட அந்தச் செயற்கைக்கோளில், 2003 மே 31 அன்று வரிகளைச் சரிசெய்யும் கருவி பழுதானது. அதன் பிறகு எடுத்த ஒவ்வொரு காட்சியிலும் சுமார் 22 விழுக்காடு பிக்சல்கள் இல்லை. நடுவே சுமார் 22 கிலோமீட்டர் அகலத்துக்கு மட்டும் படம் முழுதாக இருக்கும், அங்கிருந்து இரு ஓரங்களை நோக்கிக் கறுப்புப் பட்டைகள் அகலமாகிக்கொண்டே போகும். சென்னை ஏரிகள் காட்சியின் மையத்துக்கு மேற்கே இருப்பதால் அந்த முழுமையான நடுப்பட்டைக்குள் வருவதில்லை. எல்லைக்கோட்டைக் கேட்டால், பாதை 142 வரிசை 51 நான்கு ஏரிகளையும் மூடுகிறது என்றே சொல்லும். கன்டெய்ன்ஸ் வடிகட்டி அந்தப் படங்களை மகிழ்ச்சியோடு உள்ளே விடும். படத்தைத் திறந்தால் ஏரியின்மேல் வரிவரியாகக் கறுப்பு. 2003-04-இல் சென்னை கடும் தண்ணீர்ப் பஞ்சத்தில் இருந்தது. அந்தக் காலத்து ஏரிகளைத் தேடிப் போகிறவர்கள் கட்டாயம் இந்தப் படங்களைச் சந்திப்பார்கள். பட்டைகளைக் கணக்கில் எடுக்காவிட்டால் அந்தப் பஞ்சம் இருந்ததைவிட மோசமாகத் தெரியும்.

ஆகவே எல்லைக்கோட்டு வடிகட்டியை முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது வேகமானது, ஆயிரம் படங்களை நூறாகக் குறைத்துத் தரும். அதற்குப் பிறகு தேறிய ஒவ்வொரு படத்திலும் ஏரியின் எல்லைக்குள் உண்மையில் எத்தனை பிக்சல்கள் இருக்கின்றன என்று எண்ண வேண்டும். புழல் நிரம்பினால் பரப்பு சுமார் 18 சதுர கிலோமீட்டர். 10 மீட்டர் பிக்சலில் அது 1,80,000 பிக்சல்கள். எண்ணுவதற்கு எளிய வழி, ஒவ்வொரு பிக்சலின் பரப்பையும் தரும் பிக்சல்ஏரியா படத்தை எடுத்து, எந்தப் பிக்சலில் தகவல் உண்டு, எதில் இல்லை என்று சொல்லும் செயற்கைக்கோள் படத்தின் மறைப்பை அதன்மேல் போட்டு, ஏரி எல்லைக்குள் கூட்டுவது. வந்ததை ஏரியின் மொத்தப் பரப்பால் வகுத்தால் மூடுவிகிதம் கிடைக்கும். அதைப் படத்தின் பண்பாகவே எழுதி வைத்துவிட்டு, அந்தப் பண்பின்மேல் வடிகட்டலாம்.

வேறு வழியாகச் செய்கிறவர்கள், தெரியும் பிக்சல்களுக்கு ஒன்றும் மறைந்த பிக்சல்களுக்குப் பூஜ்யமும் கொடுத்துச் சராசரி எடுப்பார்கள். அதற்கு அன்மாஸ்க் என்ற கட்டளை. அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இயல்புநிலையில் அந்தக் கட்டளை படத்தின் பழைய எல்லைக்குள் மட்டும்தான் பூஜ்யத்தை நிரப்பும். எல்லைக்கு வெளியே இருப்பது மறைந்தே இருக்கும், சராசரியில் சேராது. நாம் பிடிக்க நினைத்த டைல் விளிம்பு வெட்டு அப்படியே நழுவிவிடும், எல்லாப் படத்துக்கும் மூடுவிகிதம் ஒன்று என்று வரும். சேம்ஃபுட்பிரிண்ட் என்ற அமைப்பை 'இல்லை' என்று மாற்றினால்தான் வெளியேயும் பூஜ்யம் நிரம்பும். ஆவணத்தில் ஒரு வரியாகக் கிடக்கும் இந்தச் செய்தி தெரியாமல் நேரத்தைத் தொலைத்தவர்கள் பலர்.

எண்ணத் தொடங்கிவிட்டால் மேகமும் இதே கணக்குக்குள் வந்துவிடுகிறது. மேகம் மூடிய பிக்சலும் நமக்குத் தெரியாத பிக்சல்தான். பெரும்பாலும் செய்வது என்ன? படத்தோடு வரும் மேக விழுக்காட்டைப் பார்த்து, பத்துக்கு மேல் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்த விழுக்காடு டைல் முழுமைக்குமானது. எம்வி டைலை நினைத்துப் பாருங்கள்: மேற்கு விளிம்பிலிருந்து சென்னைக் கடற்கரைக்கு இருபதிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்தான், அதற்குக் கிழக்கே இருக்கும் மீதி எல்லாம் வங்காள விரிகுடா. அந்த டைலின் மேக விழுக்காடு பெரும்பாலும் கடல்மேல் நிற்கும் மேகத்தின் கணக்கு. கடலில் மேகம் திரண்டு, புழல் பளிச்சென்று தெரியும் நாள்களை எல்லாம் இந்த வடிகட்டி தூக்கி எறிந்துவிடும். மறுபுறம், டைலில் ஐந்து விழுக்காடு மேகம் என்று தேறிவந்த படத்தில் அந்த ஐந்தும் ஏரியின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கலாம். 18 சதுர கிலோமீட்டர் என்பது 12,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட டைலில் எவ்வளவு சிறியது! ஆகவே டைலின் மேக எண்ணைத் தளர்வாக வைத்துக்கொண்டு, ஏரி எல்லைக்குள் மட்டும் மேகமும் மேக நிழலும் நீக்கிய பின் மிஞ்சும் பிக்சல்களை எண்ணுவதே முறை. சென்டினல்-2-இன் மேற்பரப்புத் தரவோடு வரும் காட்சி வகைப்பாட்டு அடுக்கு 20 மீட்டர் பிக்சலில் மேகம், நிழல், தகவல் இல்லாதது என்று பிரித்தே கொடுக்கிறது.

எவ்வளவு மூடினால் போதும்? நூறு விழுக்காடு என்று பிடிவாதமாக இருந்தால், ஒரு பஞ்சுமேகத் துணுக்குக்காக நல்ல படம் போய்விடும். நான் டைல் வெட்டுக்கு ஒரு அளவும் மேகத்துக்கு வேறொரு அளவும் வைக்கிறேன். டைல் வெட்டு என்றால் சமரசம் கிடையாது, ஏனென்றால் முழுதாக இருக்கும் இன்னொரு டைல் அதே நாளில் இருக்கிறது. மேகம் என்றால் 95 விழுக்காடு தெரிந்தால் எடுத்துக்கொள்வேன், ஆனால் மூடுவிகிதத்தைப் பரப்பு எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுவேன். தெரியாத ஐந்து விழுக்காடு கரையோரமா, ஏரி நடுவா என்பதையும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நீர் விளிம்பு இருக்கும் பகுதியில் மேகம் நின்றால் பரப்பு கணிசமாக மாறும். சுற்றிலும் தண்ணீர் தெரியும் ஏரி நடுவே நின்றால் அங்கேயும் பெரும்பாலும் தண்ணீர்தான் இருக்கும்.

பெரிய பரப்புகளுக்கு இந்த வழி உதவாது. சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையில் கிடக்கும் பழவேற்காடு ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். எம்வி டைலின் வடக்கு விளிம்பு 13.57 பாகையில் அந்தக் காயலின் குறுக்கே போகிறது. வடக்கே அடுத்த டைல் 44பிஎம்ஏ. தெற்கு ஓரத்தை அது தொடுவதில்லை. எந்த ஒரு டைலும் காயலை முழுதாக வைத்திருக்காது. இங்கே வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்: முதலில் தொடும் டைல்களை எல்லாம் எடு, ஒரே நாளில் ஒரே சுற்றில் வந்தவற்றை ஒன்றாக ஒட்டு, ஒட்டிய பிறகு மூடுவிகிதத்தைச் சோதி. ஒரே சுற்றில் வந்த அடுத்தடுத்த டைல்கள் ஒரே பட்டையிலிருந்து வெட்டியவை என்பதால் தையல் தெரியாமல் ஒட்டும்.

ஒரே நாள் என்பதில் கறாராக இருக்க வேண்டும். ஒரு மாதத்துப் படங்களை எல்லாம் கலந்து நடுமதிப்பு எடுத்து, முழுதாக மூடிய ஓர் அழகான படத்தை உருவாக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. காட்டுக்கோ கட்டடங்களுக்கோ அது சரி. தண்ணீருக்குச் சரிவராது. வடகிழக்குப் பருவமழையில் ஒரே வாரத்தில் ஏரி எங்கேயோ போய்விடும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட வேண்டிவந்தது. அப்படிப்பட்ட மாதத்தின் நடுமதிப்பு ஏரி, எந்த நாளிலும் இருந்திராத ஏரி.

மதுரைப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. 78 பாகைக் கோடு வைகைப் படுகையின் குறுக்கே போகிறது. வைகை அணை யுடிஎம் 43-ஆம் மண்டலத்தில், மதுரை 44-இல். படுகை முழுவதையும் மூட வேண்டுமானால் இரண்டு மண்டலங்களின் டைல்களையும் ஒட்ட வேண்டும். இரண்டின் பிக்சல் கட்டங்களும் ஒன்றுக்கொன்று சாய்ந்திருக்கும். ஒட்டுவதற்கு முன் ஒரே வீழலுக்கு (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் ப்ரொஜெக்ஷனுக்கு) மாற்றிக்கொள்ளாமல் தனித்தனியாக அளந்து கூட்டினால், எல்லையோரக் கண்மாய்கள் இரண்டு தடவை கணக்கில் ஏறும். இங்கே முழுதாக மூடாதது சிக்கல் இல்லை, அளவுக்கு மீறி மூடுவதுதான்.

அப்புறம், மழைக்காலம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, ஏரிகள் நிரம்பும் அந்த மூன்று மாதங்களில்தான் நமக்குப் படம் அதிகம் வேண்டும், அப்போதுதான் மேகம் விடாது. காலை பத்தரை மணியளவில் ஒருமுறை கடந்து போகும் சென்டினல்-2-ஐ நம்பி இருந்தால் நவம்பர் முழுக்க ஒரு நல்ல படம்கூடக் கிடைக்காமல் போகலாம். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் கொண்ட சென்டினல்-1 அங்கே கைகொடுக்கும். 250 கிலோமீட்டர் அகலப் பட்டை, ஆகவே நான்கு ஏரிகளும் அகலவாக்கில் அடங்குவது பெரிய சிக்கல் இல்லை. நீளவாக்கில்தான் கவனம் வேண்டும். சென்டினல்-2 மாதிரி அதற்கு நிலையான டைல் கட்டம் கிடையாது. போகிற பட்டையை நேரத்தை வைத்துத் துண்டுகளாக வெட்டுகிறார்கள், வெட்டு விழும் இடம் எல்லாச் சுற்றிலும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு சுற்றில் முழுதாக வந்த செம்பரம்பாக்கம் இன்னொரு சுற்றில் இரண்டு துண்டுகளுக்கு இடையே பிரிந்து வரலாம். புழலுக்கு எம்வி என்று ஒருமுறை கண்டுபிடித்து வைத்துக்கொண்டது போல இங்கே முடியாது. ஒவ்வொரு தேதிக்கும் துண்டுகளை ஒட்டி, ஒவ்வொரு தேதிக்கும் பிக்சலை எண்ணியாக வேண்டும். சென்னைக் குடிநீர் வாரியம் நாள்தோறும் வெளியிடும் ஏரி இருப்பு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. இருப்பு ஏறிக்கொண்டிருக்கும் வாரத்தில் நம் பரப்பு எண் மட்டும் சட்டென்று இறங்கினால், முதலில் மூடுவிகிதத்தைப் பாருங்கள், ஏரியைப் பற்றி எழுதுவது அதற்கப்புறம்.